முன்கூறு பொய்யானால் கூற்று எப்படி மெய்யாகும்?

கேள்வி இதுதான்: ‘பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பிக்குக் கணிதத் தர்க்கவியல் சொல்லிக்கொடுக்கிறேன். “இது எனில் அது” என்ற கூற்றின் மெய்மை அட்டவணையில், முதல் பகுதி பொய்யாக இருந்தால் முழுக் கூற்றும் மெய் என்று போட்டிருக்கிறது. ஏன் என்று கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுதலை, எதிர்மறை, நேர்மாறு மூன்றும் வேறு குழப்புகின்றன. மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள வழி உண்டா? நாங்கள் மதுரை, செல்லூர் பக்கம்.’

உண்டு. ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கூற்று எது நடக்கக் கூடாது என்கிறது? அட்டவணையும் அந்த மூன்று வடிவங்களும் இதற்குள் அடங்கிவிடும். கல்லூரியில் கணிதம் நடத்திய காலத்தில் நான் கவனித்த வரை, குறியீடுகளைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். கூற்று சொல்லாத ஒன்றை அது சொன்னதாக எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நீங்கள் மதுரை என்பதால் முடிந்தவரை நம் பக்கத்து உதாரணங்களையே எடுக்கிறேன்.

வைகை அணையிலிருந்து தொடங்குவோம். அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முதலாவதை மட்டும் வைத்துக்கொள்வோம்: ‘நீர்மட்டம் 66 அடியை எட்டினால் எச்சரிக்கை விடப்படும்.’ ‘நீர்மட்டம் 66 அடியை எட்டியது’ என்பது முன்கூறு. ‘எச்சரிக்கை விடப்பட்டது’ என்பது பின்கூறு. பாடப்புத்தகம் இரண்டுக்கும் ஆளுக்கோர் எழுத்து வைத்திருக்கும். இங்கே இந்தப் பெயர்களே போதும்.

இப்போது நாட்களைப் பார்க்கலாம். ஒரு நாள் 66 அடி வந்தது, எச்சரிக்கையும் விட்டார்கள். விதி காப்பாற்றப்பட்டது. இன்னொரு நாள் 66 அடி வந்தும் யாரும் வாய் திறக்கவில்லை. விதி உடைந்துவிட்டது. மூன்றாவது, நல்ல கோடை நாள். அணையில் 40 அடிதான் இருக்கிறது, எச்சரிக்கையும் இல்லை. விதி உடைந்ததா? இல்லை. நான்காவது நாள்தான் தம்பியைக் குழப்புவது. நீர்மட்டம் 62 அடிதான். ஆனால் மேலே கனமழை, நீர்வரத்து வேகமாக ஏறுகிறது என்று பொறியாளர் முன்கூட்டியே எச்சரிக்கை விட்டுவிட்டார். விதி உடைந்ததா? இப்போதும் இல்லை. 66 அடிக்குக் கீழே இருக்கும்போது எச்சரிக்கை விடக் கூடாது என்று அந்த விதி எங்கேயும் சொல்லவில்லை. அதைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

நான்கு வகை நாட்களில் ஒன்றே ஒன்றுதான் விதியை உடைக்கிறது: முன்கூறு மெய்யாகி, பின்கூறு பொய்யாகும் நாள். மற்ற மூன்றிலும் விதி உடையவில்லை. இந்தத் தர்க்கத்தில் மெய், பொய் என்று இரண்டே மதிப்புகள். நடுவில் ‘தெரியாது’, ‘பொருந்தாது’ என்ற இருக்கை கிடையாது. எனவே உடையாததெல்லாம் மெய் என்று எழுதப்படுகிறது. அட்டவணையில் இருப்பது இவ்வளவுதான்.

‘உடையவில்லை என்பதற்காக மெய் என்று சொல்லிவிடலாமா?’ என்று தம்பி விடாமல் கேட்டால் சந்தோஷப்படுங்கள், நல்ல கேள்வி அது. அவனிடம் இந்தக் கூற்றைக் கொடுங்கள்: ‘ஓர் எண் 6ஆல் வகுபடும் எனில் அது 2ஆல் வகுபடும்.’ இது எல்லா எண்ணுக்கும் மெய் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருக்காது. எல்லா எண்ணுக்கும் என்றால் 12க்கும் மெய், 8க்கும் மெய், 7க்கும் மெய். இப்போது ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 12இல் முன்கூறும் மெய், பின்கூறும் மெய். 8இல் முன்கூறு பொய், பின்கூறு மெய். 7இல் இரண்டும் பொய். அட்டவணையில் ‘மெய்’ என்று போட்டிருக்கும் மூன்று வரிசைகளும் இவையே. முன்கூறு பொய்யான வரிசைகளில் ‘பொய்’ என்று போட்டிருந்தால், 7 என்ற எண்ணைக் காட்டி ‘6ஆல் வகுபட்டால் 2ஆல் வகுபடும்’ என்பதே தவறு என்று சொல்ல வேண்டி வரும். அதை எந்தக் கணக்கு வாத்தியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆக, அட்டவணை யாரோ வசதிக்காகப் போட்டுவைத்தது இல்லை. ‘எல்லா எண்ணுக்கும்’, ‘எல்லா முக்கோணத்துக்கும்’ என்று கணிதம் பேசுகிற பேச்சு சரியாக இருக்க வேண்டுமானால் அது அப்படித்தான் அமைய முடியும்.

சரி, இப்போது மூன்று உறவுகள். முன்கூறையும் பின்கூறையும் இடம் மாற்றினால் மறுதலை: ‘எச்சரிக்கை விடப்பட்டது எனில் நீர்மட்டம் 66 அடியை எட்டியிருக்கிறது.’ இடம் மாற்றாமல் இரண்டையும் மறுத்தால் எதிர்மறை: ‘நீர்மட்டம் 66 அடியை எட்டவில்லை எனில் எச்சரிக்கை விடப்படாது.’ இடத்தையும் மாற்றி, இரண்டையும் மறுத்தால் நேர்மாறு: ‘எச்சரிக்கை விடப்படவில்லை எனில் நீர்மட்டம் 66 அடியை எட்டவில்லை.’

ஒவ்வொன்றிடமும் நம் கேள்வியைக் கேளுங்கள். மூலக் கூற்று எந்த நாளைத் தடுக்கிறது? 66 அடி வந்தும் எச்சரிக்கை இல்லாத நாளை. நேர்மாறு எதைத் தடுக்கிறது? எச்சரிக்கை இல்லாமலே 66 அடி வந்த நாளை. இரண்டும் ஒரே நாள்! ஒரே நாளைத் தடுக்கும் இரண்டு கூற்றுகள் ஒன்றாகவே உடையும், ஒன்றாகவே நிற்கும். மறுதலை எதைத் தடுக்கிறது? எச்சரிக்கை விட்டும் 66 அடி வராத நாளை. எதிர்மறை? 66 அடி வராமலே எச்சரிக்கை விட்ட நாளை. இவை இரண்டும் ஒன்று. பொறியாளர் முன்கூட்டியே எச்சரித்த அந்த நான்காவது நாள், மறுதலையையும் எதிர்மறையையும் சேர்த்தே உடைக்கிறது. மூலக் கூற்றையும் நேர்மாறையும் தொடவே இல்லை. எனவே நான்கு வடிவங்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஜோடிகள். தேர்வில் ‘எது எதற்குச் சமானம்?’ என்று கேட்டால் இந்த ஒரு சோதனை போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நேர்மாறைப் படிக்கும்போது, எச்சரிக்கை விடாததால்தான் தண்ணீர் ஏறாமல் நின்றது என்பது போல ஒரு விசித்திரம் காதில் விழும். ‘இது எனில் அது’ என்ற வடிவிலுள்ள நிபந்தனைக் கூற்று காரண காரியத்தைப் பேசுவதில்லை. எது முன்னால் நடந்தது, எது எதை உண்டாக்கியது என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. ‘எச்சரிக்கை வரவில்லையா, அப்படியானால் தண்ணீர் இன்னும் 66 அடிக்கு வரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்’ என்று படித்தால் விசித்திரம் போய்விடும்.

மறுதலை பல சமயம் தானும் மெய்யாக இருந்துவிடுவதுதான் தொல்லை. அதனால்தான் அதை நம்பிவிடுகிறோம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கேட்டால், ‘முகூர்த்த நாள் வந்தால் மல்லி விலை ஏறும்’ என்பார்கள். ஆவணியிலோ தையிலோ விலை ஏறியிருப்பதைப் பார்த்து ‘ஓ, முகூர்த்தம் போல’ என்று ஊகித்தால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் மார்கழியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை. அந்த மாதத்தில்தான் பனியால் பூ வரத்துக் குறைந்து மல்லி விலை எங்கேயோ போய் நிற்கும். விலை ஏறியிருக்கிறது, முகூர்த்தம் இல்லை. மறுதலை முறிந்துபோக இந்த ஒரு மார்கழி போதும். வியாபாரி சொன்ன மூலக் கூற்றுக்கு இதனால் ஒரு கீறலும் விழவில்லை.

அப்படியானால் வியாபாரி சொன்னதை மறுக்க என்ன வேண்டும்? முகூர்த்த நாளாக இருந்தும் விலை ஏறாத ஒரு நாள். நிபந்தனைக் கூற்றின் மறுப்பு இதுதான்: முன்கூறு மெய், ஆனாலும் பின்கூறு பொய். இதில் ‘எனில்’ என்பதே கிடையாது. தேர்வில் மதிப்பெண் அதிகம் போகிற இடம் இது. ‘முகூர்த்த நாள் எனில் விலை ஏறாது’ என்று மறுப்பாக எழுதிவிடுகிறார்கள். அது மறுப்பு ஆகாது, வேறொரு நிபந்தனைக் கூற்று. முகூர்த்தமே இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்தால், ‘முகூர்த்த நாள் எனில் விலை ஏறும்’ என்பதும் ‘முகூர்த்த நாள் எனில் விலை ஏறாது’ என்பதும் இரண்டுமே அட்டவணைப்படி மெய். ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒரே நேரத்தில் மெய்யாக முடியாது அல்லவா?

அடுத்தது ‘தான்’. நிபந்தனையின் திசையையே திருப்பிவிடும் சொல் இது. ‘டோக்கன் இருந்தால் காளையை அவிழ்க்க விடுவார்கள்’, ‘டோக்கன் இருந்தால்தான் காளையை அவிழ்க்க விடுவார்கள்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஊர் ஜல்லிக்கட்டிலும் முன்பதிவு செய்து டோக்கன் வாங்கிய காளைக்குத்தான் வாடிவாசல் திறக்கும். அதாவது, ஒரு காளை அவிழ்க்கப்பட்டது எனில் அதற்கு டோக்கன் இருந்தது. தடுக்கப்படுவது டோக்கன் இல்லாமல் அவிழ்ந்த காளை. டோக்கனோடு வந்த காளையெல்லாம் அவிழும் என்று இந்த விதி சொல்லவில்லை. கால்நடை மருத்துவர் சோதனையில் நிறுத்தப்படலாம். அல்லது மாலையாகி நேரம் முடிந்துபோகலாம். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காளையைத் திருப்பி ஓட்டிப்போகிறவர்களை ஒவ்வொரு தையிலும் பார்க்கிறோம். டோக்கன் தேவையான நிபந்தனை. போதுமான நிபந்தனை அன்று.

இந்த வேறுபாடு தேர்வோடு முடிந்துபோகிறதில்லை, மக்கள் இதில் நிஜமாகவே அடிபடுகிறார்கள். அரசு 2023இல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியபோது வகுத்த விதிகளில் ஒன்று, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டினால் தகுதி இல்லை என்பது. இதைக் கேட்டதும் ‘அப்போ வருமானம் அதற்குள் இருந்தால் தொகை கிடைக்கும்’ என்று எடுத்துக்கொள்வது எதிர்மறையை நம்புவது. விதி அப்படிச் சொல்லவில்லை. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்தாலும் தகுதி போகும், 21 வயது ஆகாவிட்டாலும் போகும், நிலத்தின் அளவுக்கும் தனி வரம்பு உண்டு. விண்ணப்பப் படிவத்தோடு வருகிற விதிகளில் ‘ஆல்’ எது, ‘ஆல்தான்’ எது என்று பிரித்துப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நாலு பேர் இருந்தால் எத்தனையோ வீண் அலைச்சல் குறையும். பள்ளியில் இந்தப் பாடம் இருப்பதை நான் மிக முக்கியமாக நினைப்பது இதற்காகத்தான்.

ஆனால் அன்றாடப் பேச்சில் எதிர்மறையைச் சேர்த்துக் கேட்பவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடக் கூடாது. ‘வீட்டுப்பாடம் முடித்தால் ஜிகர்தண்டா வாங்கித் தருவேன்’ என்று அம்மா சொன்னால், முடிக்காவிட்டால் ஜிகர்தண்டா கிடையாது என்பதும் பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. அம்மாவும் அதை நினைத்தே சொல்கிறாள். எப்படியும் வாங்கித்தரப் போகிறாள் என்றால் நிபந்தனை எதற்கு? 1971இல் மைக்கேல் கைஸ், ஆர்னால்ட் சுவிக்கி என்ற இரண்டு மொழியியலாளர்கள் இதை ஆராய்ந்து, கேட்பவர் தாமாக நிரப்பிக்கொள்ளும் இந்த அர்த்தம் வாக்கியத்திலேயே இருப்பது இல்லை, பேசும் சூழல் வரவழைப்பது என்று விளக்கினார்கள். வீட்டில் அது வேலை செய்யும். தேற்றத்திலும் அரசாணையிலும் ஒப்பந்தத்திலும் செய்யாது.

மனித மூளைக்கு நேர்மாறு எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சோதனை உண்டு. பீட்டர் வேசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் 1966இல் வெளியிட்டது. நம் எழுத்தில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிவது ‘அ’, ‘க்’, ‘4’, ‘7’. விதி: ‘ஒரு பக்கம் உயிரெழுத்து எனில் மறுபக்கம் இரட்டை எண்.’ விதி காக்கப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்பியே ஆக வேண்டும்? பெரும்பாலோர் ‘அ’, ‘4’ என்பார்கள். சரியான விடை ‘அ’, ‘7’. ‘4’க்குப் பின்னால் எது இருந்தாலும் விதி உடையாது. ‘7’க்குப் பின்னால் ஓர் ‘ஆ’வோ ‘ஈ’யோ இருந்தால் உடைந்துவிடும். 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதே புதிரை வேறு வேடத்தில் கொடுத்தார்கள்: ‘ஒருவர் பீர் குடிக்கிறார் எனில் அவர் 19 வயதைத் தாண்டியிருக்க வேண்டும்.’ யாரைச் சோதிப்பீர்கள்? பீர் குடிப்பவரின் வயதையும், வயது குறைந்தவரின் குவளையையும். இதைப் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். தர்க்க வடிவம் ஒன்றுதான். தடுக்கப்படும் ஆள் யார் என்பது இங்கே உடனே தெரிந்துவிடுகிறது, அவ்வளவே. அட்டைப் புதிரை இன்றைக்கே தம்பிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று யாராவது சொன்னால் மணிமேகலையை எடுத்துக் காட்டலாம். அதை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். நம்மூர்த் தானிய வியாபாரி. அதன் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் போதிக்கிறார். ‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல’ என்ற பழைய உதாரணம் அங்கே வருகிறது. பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று அனுமானத்தின் ஐந்து உறுப்புகளும் வருகின்றன. இதன் உள்ளே ஓடுவது ‘புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு’ என்ற நிபந்தனை. அதற்கு அடுக்களை சான்று. ‘நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை’ என்று நேர்மாறாகச் சொல்லி அதற்கும் சான்று காட்டுவது இந்தியத் தர்க்கத்தின் வழக்கம். அங்கே நீர்நிலையைக் காட்டுவார்கள். முதல் வகைச் சான்றைச் சாதன்மியம் என்றும் இரண்டாவதை வைதன்மியம் என்றும் பிரித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பின்னால் வருகிற போலிகளின் பட்டியல். சான்று காட்டுவதில் நேரும் குற்றங்களில் இரண்டுக்கு விபரீதான்னுவயம், விபரீத வெதிரேகம் என்று பெயர். புகையைச் சொல்லி நெருப்புக்குப் போவதை விட்டு, நெருப்பைச் சொல்லிப் புகைக்குப் போவது முதல் குற்றம். நெருப்பின்மையிலிருந்து புகையின்மைக்குப் போவதை விட்டு, புகையின்மையிலிருந்து நெருப்பின்மைக்குப் போவது இரண்டாவது. நம் பாஷையில், நேராகச் சொல்ல வேண்டிய இடத்தில் மறுதலையைச் சொல்வதும், நேர்மாறைச் சொல்ல வேண்டிய இடத்தில் எதிர்மறையைச் சொல்வதும். ஏன் குற்றம் என்பதற்குத் தர்க்க நூல்கள் தரும் உதாரணம் பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டு. அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. இன்று தம்பி குழம்புகிற அதே இரண்டு இடங்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, தமிழ்க் காப்பியம் ஒன்று எழுதி வைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மறுதலை எப்போதும் ஏமாற்றும் என்று நினைக்க வேண்டாம். சில மறுதலைகள் தாமே தேற்றங்கள். ஆனால் தனியாக நிரூபிக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றம் நல்ல உதாரணம். முக்கோணத்தில் ஒரு கோணம் செங்கோணம் எனில் இரு பக்கங்களின் வர்க்கங்களின் கூடுதல் கர்ணத்தின் வர்க்கத்துக்குச் சமம். யூக்ளிட் இதை முதல் புத்தகத்தின் 47ஆவது கூற்றாக நிறுவிவிட்டு, மறுதலைக்குத் தனியாக 48ஆவது கூற்று எழுதினார். ஒன்றை நிறுவினால் மற்றது தானாக வந்துவிடும் என்றால் 48 தேவைப்பட்டிருக்காது.

இந்த இரண்டையும் தினமும் பயன்படுத்துபவர் நம் கொத்தனார். அஸ்திவாரம் போடக் கயிறு கட்டும்போது மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளந்து குறி வைப்பார். இரண்டு குறிகளுக்கும் நடுவே டேப் பிடித்தால் 5 அடி வர வேண்டும். வந்தால் மூலை சரி. இதில் அவர் நம்பியிருப்பது பிதாகரஸ் தேற்றத்தை அல்ல, அதன் மறுதலையை: வர்க்கங்கள் பொருந்தினால் கோணம் செங்கோணம். 5 அடிக்குப் பதில் 5 அடி 2 அங்குலம் வருகிறது, ‘மூலை விரிந்துவிட்டது’ என்று கயிற்றைத் தள்ளுகிறார் என்றால், அப்போது அவர் பயன்படுத்துவது மூலத் தேற்றத்தின் நேர்மாறு: வர்க்கங்கள் பொருந்தவில்லை எனில் செங்கோணம் இல்லை. தேற்றமும் மறுதலையும் இரண்டுமே மெய்யாக இருப்பதால்தான் ‘5 வந்தால் சரி, வராவிட்டால் சரியில்லை’ என்று இரண்டு பக்கமும் அவரால் தைரியமாகச் சொல்ல முடிகிறது. இப்படி இரண்டு திசையிலும் மெய்யாகும் கூற்றுக்குத்தான் இருநிபந்தனைக் கூற்று என்று பெயர். ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ என்று எழுதுவார்கள்.

மறுதலை எவ்வளவு தந்திரமாக ஏமாற்றும் என்பதற்கு எண்களில் ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. தம்பிக்குக் கணக்கில் ஆர்வம் இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள். ஃபெர்மா கண்டது: ஓர் எண் பகா எண் எனில், 2ஐ அத்தனை முறை பெருக்கி அதிலிருந்து 2ஐக் கழித்தால் கிடைப்பது அந்த எண்ணால் மீதியின்றி வகுபடும். 5க்குப் பாருங்கள்: 32 கழித்தல் 2, 30, 5ஆல் வகுபடும். 7க்கு: 128 கழித்தல் 2, 126, 7ஆல் வகுபடும். பகு எண்களில் முயன்றால், 4க்கு 14 வருகிறது, வகுபடாது. 6க்கு 62, வகுபடாது. 9க்கு 510, வகுபடாது. இப்படியே நூறு, இருநூறு, முந்நூறு என்று போனாலும் எந்தப் பகு எண்ணும் இந்தச் சோதனையில் தேறாது. மறுதலையும் மெய் என்று யாருக்குத்தான் தோன்றாது?

341 வரும்போது அது முறிகிறது. 341 என்பது 11ஐ 31ஆல் பெருக்கியது, பகு எண். ஆனால் 2ஐப் பத்து முறை பெருக்கினால் 1024. 341ஐ மூன்றால் பெருக்கினால் 1023. ஆக 1024ஐ 341ஆல் வகுத்தால் மீதி 1. பத்துப் பத்தாக 34 முறை பெருக்கினாலும் மீதி 1தான். அதாவது 2இன் 340ஆம் அடுக்கின் மீதி 1, 341ஆம் அடுக்கின் மீதி 2. அதிலிருந்து 2ஐக் கழித்தால் மீதியின்றி வகுபடும். பகா எண் இல்லாமலே 341 சோதனையில் தேறிவிட்டது. 2க்குப் பதில் 3ஐ வைத்தால் 341 மாட்டிக்கொள்ளும். ஆனால் எந்த எண்ணை வைத்தாலும் மாட்டாத பகு எண்களும் உண்டு. முதலாவது 561. அந்த வரிசையில் மூன்றாவது, ஹார்டியும் ராமானுஜனும் பேசிப் புகழ்பெற்ற அதே 1729. அது 7, 13, 19 மூன்றின் பெருக்கல்.

நேர்மாறு மட்டும் அசையாமல் நிற்கிறது: சோதனையில் தேறவில்லை எனில் அந்த எண் பகா எண் இல்லை. எத்தனை இலக்க எண்ணானாலும், அதன் காரணி ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்காமலே ‘இது பகு எண்’ என்று அடித்துச் சொல்லிவிடலாம். கணினிகள் பெரிய எண்களை வடிகட்ட இந்த வழியின் தேர்ந்த வடிவங்களையே பயன்படுத்துகின்றன. தேறினால் சந்தேகம் தொடரும், தேறாவிட்டால் தீர்ப்பு உறுதி.

நிரூபணங்களில் நேர்மாறு எப்படி உதவும் என்பதற்குச் சின்ன உதாரணம் ஒன்று. ‘ஓர் எண்ணின் வர்க்கம் இரட்டை எனில் அந்த எண்ணும் இரட்டை.’ நேராகப் போனால் வர்க்கத்திலிருந்து எண்ணுக்கு இறங்க வேண்டும், பிடி கிடைக்காது. நேர்மாறாகச் சொன்னால், ‘எண் ஒற்றை எனில் வர்க்கமும் ஒற்றை.’ ஒற்றை எண் என்பது ஓர் இரட்டை எண்ணோடு 1 சேர்ந்தது. அதன் வர்க்கம், அந்த இரட்டை எண்ணின் வர்க்கம், அதன் இரு மடங்கு, 1 மூன்றின் கூடுதல். முதல் இரண்டும் இரட்டை, ஆகவே மொத்தம் ஒற்றை. முடிந்தது. இரண்டும் ஒரே எண்ணைத்தான் தடுக்கின்றன என்று ஏற்கெனவே பார்த்துவிட்டதால், ஒன்றை நிறுவினால் மற்றதும் நிறுவியதாகிறது.

இந்த அட்டவணைக்கும் ஓர் எல்லை உண்டு, அதைத் தம்பியிடம் மறைக்க வேண்டாம். ‘1895இல் பெரியாறு அணை வந்திருக்காவிட்டால் மதுரைச் சீமை காய்ந்திருக்கும்’ என்கிறோம். அணை வந்துவிட்டது, முன்கூறு பொய். அட்டவணைப்படி கூற்று மெய். ஆனால் ‘அணை வந்திருக்காவிட்டால் மதுரைச் சீமை இன்னும் செழித்திருக்கும்’ என்பதும் அதே அட்டவணைப்படி மெய்தான்! மேலூர் விவசாயி ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நடக்காததைப் பற்றிப் பேசும் இந்த மாதிரி வாக்கியங்களுக்கு அட்டவணை பொருந்தாது. அவற்றுக்கென்று 1968இல் ராபர்ட் ஸ்டால்நேக்கரும் 1973இல் டேவிட் லூயிஸும் வேறு கோட்பாடுகளை உருவாக்கினார்கள். இந்தச் சர்ச்சை பழையது. இப்போது நாம் படிக்கும் அட்டவணையின் கருத்தைக் பண்டைய கிரேக்கத்தில் ஃபைலோ என்ற தத்துவஞானி முன்வைத்தபோது, அவருடைய ஆசிரியர் டயடோரஸே அதை ஏற்கவில்லை. ‘எந்த நிபந்தனைக் கூற்று சரி என்று கூரைமேல் காக்கைகள்கூடக் கரைகின்றன’ என்று கலிமாக்கஸ் என்ற கவிஞர் பாடும் அளவுக்கு அந்த விவாதம் ஊரெல்லாம் பேசப்பட்டது. உங்கள் தம்பியின் சந்தேகம் அந்த வரிசையில் வருகிறது.

பயிற்சிக்கு அவன் பாடத்திலிருந்தே ஒன்றைக் கொடுங்கள்: ‘ஒரு சார்பு ஒரு புள்ளியில் வகையிடத்தக்கது எனில் அங்கே அது தொடர்ச்சியானது.’ நான்கு வடிவங்களையும் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றும் எப்படிப்பட்ட சார்பைத் தடுக்கிறது என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள். மறுதலையையும் எதிர்மறையையும் முறிக்க, எண்ணின் குறியை விட்டு அளவை மட்டும் தரும் மட்டுச் சார்பு போதும். பூச்சியத்தில் அது தொடர்ச்சியானது, ஆனால் அங்கே முனை இருப்பதால் வகையிட முடியாது. நேர்மாறு அவனுக்குத் தேர்வில் நேரம் மிச்சப்படுத்தும். ஒரு சார்பு ஒரு புள்ளியில் தாவுகிறது என்று வரைபடத்தில் தெரிந்தால், இடப்பக்க, வலப்பக்க வகைக்கெழுக்களைக் கணக்கிட உட்கார வேண்டாம். தொடர்ச்சியில்லை, ஆகவே வகையிடத்தக்கதும் இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம்.